60 முறை போட்டுக் காட்டியும் வாங்க ஆளில்லை! பகல் காட்சியில் ஜெயித்து தேசிய விருது வாங்கிய "சேது"

படம் எடுத்து முடிந்தாச்சு. இளையராஜா பாட்டு போட்டுக் கொடுத்தாச்சு. சென்சார் சர்டிபிகேட்டும் வந்தாச்சு. ஆனால், படத்தை வாங்கத்தான் ஆள் இல்லை!

1999-ம் ஆண்டில் கோடம்பாக்கத்தில் இப்படித்தான் பெட்டியோடு பெட்டியாகக் கிடந்தது "சேது".

ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. 60 தடவைக்கு மேல் பிரிவியூ போட்டுக் காட்டினார்கள். வினியோகஸ்தர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், எழுந்து போனார்கள். அவ்வளவுதான்.

அதே படம் அந்த ஆண்டு டிசம்பர் 10-ந்தேதி வெள்ளிக்கிழமை ஒரு வழியாக வெளியே வந்தது. சென்னையில் அதற்குக் கிடைத்தது ஒரு தியேட்டரில் பகல் காட்சி மட்டும்.

அடுத்த மார்ச் மாதம் அதே படம் 100 நாளைத் தாண்டியது. 1999-ம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று மத்திய அரசின் தேசிய விருதும் அதற்கே கிடைத்தது!

நடுவில் என்ன நடந்தது? ஊர் முழுக்க போஸ்டர் ஒட்டினார்களா? கட்-அவுட் வைத்தார்களா? ஒன்றும் கிடையாது. காசு கொடுத்துப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆபீசில் சொன்னார்கள். டீக்கடையில் சொன்னார்கள்.

குரலுக்குக் கைதட்டல், முகத்துக்கு இல்லை

படத்தின் கதாநாயகன் விக்ரம். இன்றைக்கு அவரைத் தெரியாதவர் இல்லை. அன்றைக்கு நிலைமை வேறு.

கல்லூரியில் படித்த காலத்தில் விபத்தில் சிக்கி கால் நொறுங்கியது. இருபதுக்கும் மேற்பட்ட ஆபரேஷன். வருடக்கணக்கில் படுக்கை, ஊன்றுகோல். எழுந்து நடந்ததே பெரிய காரியம்.

1990-ல் "என் காதல் கண்மணி"யில் அறிமுகம். பிறகு டைரக்டர் ஸ்ரீதரின் "தந்துவிட்டேன் என்னை". கேமராமேன் பி.சி.ஸ்ரீராம் டைரக்ட் செய்த "மீரா". பெரிய கைகள்தான். ஆனாலும் படங்கள் கை கொடுக்கவில்லை. மலையாளத்திலும் தெலுங்கிலும் கிடைத்த வேடங்களைச் செய்தார். 1997-ல் அஜீத்துடன் நடித்த "உல்லாசம்" வந்தது. அதுவும் தூக்கிவிடவில்லை.

வயிற்றுப் பிழைப்புக்கு இன்னொரு வேலையும் பார்த்தார். டப்பிங்!

"அமராவதி"யில் அஜீத்துக்குக் குரல் கொடுத்தவர் விக்ரம். "காதலன்" படத்தில் பிரபுதேவா பேசுவது விக்ரம் குரல். "காதல் தேசம்" அப்பாசுக்கும் அவரேதான். தமிழ்நாடு பூராவும் அந்தக் குரலைக் கேட்டுக் கைதட்டியது. குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பது வருடம் இப்படிப் போனது. சினிமாவில் ஒன்பது வருடம் என்பது ஒருவரை மறந்துவிடப் போதுமான காலம்.

டைரக்டரும் புதுசு

படத்தை எடுத்தவர் பாலா. பாலுமகேந்திராவிடம் உதவியாளராக இருந்தவர். இது முதல் படம். தயாரிப்பாளர் கந்தசாமி.

1997-ல் வேலை தொடங்கியது. தொடங்கிய கொஞ்ச நாளில் பட உலகில் பெரிய தகராறு. பெப்சி தொழிலாளர்களுக்கும் படைப்பாளிகளுக்கும் மோதல் வந்து படப்பிடிப்புகள் மாதக்கணக்கில் நின்றன. வசதியுள்ள கம்பெனிகள் தாக்குப்பிடித்தன. புது டைரக்டர், ஓடாத ஹீரோ, சின்ன பட்ஜெட் என்றால் என்ன ஆகும்? "சேது"வும் நின்றது.

விக்ரம் விடவில்லை. பிற்பாதியில் மனநலம் குன்றியவனாக வர வேண்டும். அதற்காகத் தலையை மொட்டை அடித்துக்கொண்டார். உடம்பை எலும்பும் தோலுமாக இளைக்க வைத்தார். நகம் வளர்த்தார். அந்தக் கோலத்தில் வேறு படத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? ஒரே படத்தில் எல்லாவற்றையும் வைத்துவிட்டார்.

ஒரு வழியாகப் படம் முடிந்தது. அப்புறம்தான் ஆரம்பித்தது தலைவலி.

சீயானின் கதை

கல்லூரியில் அடிதடி ரவுடி சேது. சகாக்கள் அவனை அழைப்பது "சீயான்". குருக்கள் வீட்டுப் பெண் ஒருத்தி மீது அவனுக்குக் காதல். அவள் பயப்படுகிறாள். பிறகு மனம் மாறுகிறாள். சரி, இனி டூயட், கல்யாணம் என்று நிமிர்ந்து உட்காரும் நேரத்தில் சேதுவை அடியாட்கள் தாக்குகிறார்கள். மண்டையில் அடி. புத்தி பேதலிக்கிறது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைக்கும் இடத்துக்குக் கொண்டு போகிறார்கள்.

தெளிந்து, தப்பித்து, அவளைத் தேடி வீட்டுக்கு ஓடி வருகிறான். அவள் பிணமாகக் கிடக்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்து, தன்னைப் பிடிக்க வந்த வண்டியில் தானே போய் ஏறிக்கொள்கிறான். படம் முடிந்தது!

இதைத்தான் வினியோகஸ்தர்கள் 60 தடவைக்கு மேல் பார்த்தார்கள்.

அவர்களைக் குறை சொல்வது சுலபம். அவர்கள் கணக்கையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்துத்தான் படம் விற்பார்கள். சென்னை நகரம் ஒரு ஏரியா. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்து ஒரு ஏரியா. கோவை, மதுரை, திருச்சி-தஞ்சை, சேலம், நெல்லை என்று தனித்தனி. ஒவ்வொரு ஏரியாக்காரரும் முன்பணம் கொடுத்துப் பிரிண்ட் எடுத்துப் போக வேண்டும். படம் படுத்தால் அந்தப் பணம் போனது போனதுதான். பல பேருக்கு அது வட்டிக்கு வாங்கிய பணம்.

ஹீரோ ஓடாதவர். ஹீரோயின் புதுமுகம். டைரக்டர் புதுசு. முடிவில் ஒருத்தி சாகிறாள், ஒருத்தன் பைத்தியக்கார விடுதிக்குப் போகிறான். அந்த தீபாவளிக்குத்தான் ஷங்கரின் "முதல்வன்" பிரமாண்டமாக வந்திருந்தது. ஒரு நாள் முதலமைச்சர் கதையைப் பார்க்க ஜனம் அலைமோதிய நேரம். வட்டிக்கு வாங்கிய பணத்தை "சேது"வில் போட யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆனால், அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். ஏ.சி. அறையில் உட்கார்ந்து, இந்தப் படம் நமக்குத் திரும்ப எவ்வளவு தரும் என்று மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே பார்க்கிறவனுக்கு அழுகை வராது. டிக்கெட் வாங்கி வந்தவனுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் கொடுத்த காசு ஏற்கனவே போய்விட்டது!

பகல் காட்சி யாருக்கு?

பகல் காட்சி என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். தியேட்டரில் மேட்னி, மாலை, இரவு என்று மூன்று காட்சிக்கும் முக்கியமான படம் ஓடும். அதற்கு முன்னால் முற்பகலில் தியேட்டர் சும்மாதானே கிடக்கிறது என்று ஒரு காட்சி ஓட்டுவார்கள். டப்பிங் படம், பழைய படம், கேட்பாரற்ற படம் இதெல்லாம் அங்கேதான் வரும்.

அந்த நேரத்துக்கு யார் வருவார்கள்? ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு வந்தவர்கள். காலேஜைக் கட் அடித்த பையன்கள். வெளியூரிலிருந்து சரக்கு எடுக்க வந்து, சாயங்கால பஸ்சுக்குக் காத்திருக்கிற வியாபாரிகள். சமையலை முடித்துவிட்டு வந்த இரண்டு மூன்று பெண்கள். வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். பாதிப் பேருக்கு என்ன படம் என்றே தெரியாது.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கும் அந்த நேரம் ஒத்து வராது. பகல் காட்சிக்கு ஒதுக்கிய படத்தை ஓடாது என்று முடிவு கட்டியே ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"சேது"வுக்கு ஒரே ஒரு அதிர்ஷ்டம், தேதி. டிசம்பர் 10-ல் வந்த படத்துக்குப் பொங்கல் வரை ஐந்து வாரம் இருந்தது. பொங்கல் வந்துவிட்டால் பெரிய படங்கள் தியேட்டர்களை வாரிக்கொண்டு போய்விடும். அந்த ஐந்து வாரத்துக்குள் ஜனம் பார்த்தால் உண்டு. இல்லையென்றால் பெட்டி திரும்பிவிடும்.

தலைகீழ் வசூல்

தியேட்டர் கவுண்டரில் "டி.சி.ஆர்." என்று ஒரு தாள் எழுதுவார்கள். அன்றாட வசூல் கணக்கு. எந்தக் காட்சிக்கு எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட் கிழிந்தது என்று அதில் இருக்கும். வினியோகஸ்தரின் ஆள் கூடவே உட்கார்ந்து சரிபார்ப்பார். வசூல் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே இறங்கினால் படத்தைத் தூக்கிவிடத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு.

பெரிய படம் என்றால் அந்தத் தாளில் முதல் மூன்று நாள் உச்சம். திங்கட்கிழமை சரியும். வாய்ச்சொல்லில் ஓடும் படத்துக்கு இது தலைகீழ். முதல் நாள் காலி. இரண்டாம் நாள் கொஞ்சம். அடுத்த வாரம் அதைவிட அதிகம். கணக்கு எழுதுகிற குமாஸ்தாவே பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார்.

"சேது"வுக்கு நடந்தது அதுதான். பார்த்தவன் அடுத்த நாள் இன்னொருவனைக் கூட்டி வந்தான். அன்றைக்கு செல்போன் பணக்காரர் கையில்தான். வாட்ஸ்அப் ஏது? மின்சார ரெயிலில் ஒருத்தர் சொல்ல, ஹாஸ்டலில் ஒருத்தர் சொல்ல, வாய் வழியாகவே போய்ச் சேர்ந்தது. அந்தக் கடைசிக் காட்சியை நினைத்துக்கொண்டே வெளியே வந்தவர்களால் அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வினியோகஸ்தர்கள் எந்த முடிவைப் பார்த்துப் பயந்தார்களோ அந்த முடிவுதான் ஆள் பிடித்தது!

பகல் காட்சி போதவில்லை. மற்றக் காட்சிகளும் கிடைத்தன. தியேட்டர்கள் கூடின. 2000-ம் ஆண்டு பொங்கலுக்கு விஜயகாந்தின் "வானத்தைப்போல" வந்து வசூலை அள்ளியது. "சேது" அசையவில்லை. சென்னையில் பல தியேட்டர்களில் 100 நாள் போட்டது.

பிறகு வந்தது விருது

தேசிய விருதுக்கு ஒரு விதி. படம் எத்தனை நாள் ஓடியது, எவ்வளவு வசூல் என்று தேர்வுக்குழு கேட்காது. அந்த ஆண்டு ஜனவரி முதல் டிசம்பருக்குள் சென்சார் ஆகியிருந்தால் போதும். ஆக, "சேது" பெட்டியிலேயே தூங்கியிருந்தாலும் போட்டிக்குப் போயிருக்கலாம். விருதும் கிடைத்திருக்கலாம்.

அப்படிக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டெல்லியில் ஒரு விழா. ரஜத கமலம். மறுநாள் பேப்பரில் ஒரு போட்டோ. கொஞ்ச நாள் கழித்து தூர்தர்ஷனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விக்ரம் மறுபடி டப்பிங் தியேட்டருக்குத்தான் போயிருப்பார்.

சிறந்த நடிகர் விருது அந்த ஆண்டு விக்ரமுக்குக் கிடைக்கவில்லை. "வானப்பிரஸ்தம்" மலையாளப் படத்துக்காக மோகன்லால் பெற்றார். தமிழக அரசு விக்ரமுக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது.

ஜனங்கள் கொடுத்த பரிசு வேறு. 2001-ல் "தில்". 2002-ல் "ஜெமினி". 2003-ல் "தூள்", "சாமி". ஒன்பது வருடம் கதவைத் தட்டியவர் வீட்டு வாசலில் தயாரிப்பாளர்கள் நின்றார்கள். அதே 2003-ல் மறுபடி பாலாவோடு சேர்ந்து "பிதாமகன்" செய்தார். வெட்டியான் வேடம். வசனம் கிட்டத்தட்ட இல்லை. குரலை விற்றுப் பிழைத்தவர் பேசாமலே நடித்து, தேசிய அளவில் சிறந்த நடிகர் விருதை வாங்கினார்! பாலாவுக்கு "நான் கடவுள்" படத்துக்காகச் சிறந்த டைரக்டர் விருது பின்னால் வந்தது.

"சேது" கன்னடத்தில் சுதீப் நடித்து "ஹுச்சா" ஆனது. தெலுங்கில் "சேஷு". இந்தியில் சல்மான்கான் நடித்த "தேரே நாம்". 60 தடவை பார்த்தும் தமிழ்நாட்டில் ஒருத்தரும் தொடாத கதை, மூன்று மொழிக்கு விலை போனது.

முன்னாலும் நடந்தது உண்டு

நம்ம ஊர் ஜனங்களுக்கு இது புதுப் பழக்கம் இல்லை.

1977-ல் பாரதிராஜாவின் "16 வயதினிலே". வாங்க ஆள் இல்லாமல் தயாரிப்பாளர் ராஜ்கண்ணு தானே ரிலீஸ் செய்தார். 175 நாள் ஓடியது. அதில் பாடிய எஸ்.ஜானகிக்கு தேசிய விருது.

1978 ஆகஸ்டு 15-ல் மகேந்திரனின் "முள்ளும் மலரும்". வசனம் குறைவாக இருக்கிறதே என்று தயாரிப்பாளருக்கே மனத்தாங்கல். முதல் வாரங்களில் கூட்டம் இல்லை. விளம்பரம் செய்யச் சொன்னபோதும் அவர் மசியவில்லை. நாலாவது வாரம் பார்த்தால், டிக்கெட் இல்லை! ரஜினிகாந்துக்கு நடிகர் என்ற பெயர் வாங்கிக் கொடுத்த படம் அது. மாநில அரசின் விருதும் வந்தது.

அதே ஆண்டு தீபாவளிக்கு ருத்ரய்யாவின் "அவள் அப்படித்தான்". கறுப்பு-வெள்ளை. கமல், ரஜினி, ஸ்ரீபிரியா இருந்தும் தியேட்டர் ஈ ஓட்டியது. வங்காள டைரக்டர் மிருணாள் சென்னும் பாரதிராஜாவும் பாராட்டிப் பேசிய பிறகே ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் வசூலில் அது தேறவில்லை. பெயர் நின்றது.

எல்லா நல்ல படமும் ஜனங்களிடம் பிழைத்துவிடவில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி. பகல் காட்சியோடு போன பெட்டிகள் எத்தனையோ.

இன்றைக்கு நாலாவது வாரம் எங்கே?

2015-ல் மணிகண்டனின் "காக்கா முட்டை"க்கு வரிசை மாறியது. தேசிய விருது முதலில். மார்ச்சில் அறிவிப்பு, ஜூன் 5-ல் படம். சேரிச் சிறுவர்கள் இரண்டு பேர் பீட்சாவுக்கு ஆசைப்படும் கதை. பெரிய ஹீரோ கிடையாது. விருது வாங்கிய படம் போரடிக்கும் என்ற பயத்தோடு போனவர்கள், சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். மெட்ராஸ் ஜனம் அதைத் தங்கள் படமாக எடுத்துக்கொண்டது.

இன்றைக்கு நிலைமை இன்னும் இறுக்கம். வெள்ளிக்கிழமை வரும் படத்தின் தலைவிதி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எழுதப்பட்டுவிடுகிறது. திங்கட்கிழமை காட்சிகள் பாதியாகும். அடுத்த வெள்ளி புதுப் படங்கள் வந்து தள்ளிவிடும். "முள்ளும் மலரும்" படத்துக்குக் கிடைத்த அந்த நாலாவது வாரம் இன்று சின்னப் படம் எதற்கும் லேசில் கிடைக்காது. ஒருத்தர் பார்த்து, இன்னொருத்தரிடம் சொல்லி, அவர் சம்பள நாள் பார்த்துக் கிளம்புவதற்குள் படம் ஓடிப்போய்விடுகிறது.

விருது அறிவிப்பு வந்ததும், "இப்படி ஒரு படம் வந்ததா?" என்று கேட்டு, ஓ.டி.டி.யில் தேடுகிறார்கள். பார்க்கிறார்கள். நாலு பேருக்கு லிங்க் அனுப்புகிறார்கள். அதுவும் வாய்ச்சொல்தான். ஆனால், கவுண்டரில் டி.சி.ஆர். எழுதுகிறவருக்கு அது தெரியாது.

பி.எஸ்.வினோத்ராஜின் "கூழாங்கல்" 2021-ல் ஹாலந்து நாட்டு ரோட்டர்டாம் படவிழாவில் முதல் பரிசான புலி விருதை வாங்கியது. அந்த ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கார் போட்டிக்கும் அதையே அனுப்பினார்கள். தகிக்கும் வெயிலில் ஒரு தகப்பனும் மகனும் நடந்துகொண்டே இருக்கும் கதை. உலகத்தில் பல ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டு ஜனங்கள் பார்க்க 2023 அக்டோபர் ஆனது. அதுவும் ஓ.டி.டி.யில்தான் வந்தது. "சேது"வுக்குக் கிடைத்த பகல் காட்சிகூட அதற்குக் கிடைக்கவில்லை.